ஊசி போடுமுன் தோலைப் பாருங்கள்: கால்நடை பராமரிப்புத் துறைக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும், செட்டிநாட்டு ஊர்களின் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும், ஊர் ஊராக வந்துபோகும் கால்நடை ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இப்போது 22 வெள்ளாடுகளும் அவற்றின் குட்டிகளும் வளர்க்கிறேன். ஆட்டின் தோலில் வட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டினால், அது பூஞ்சையால் வரும் படையா, சொறிப்பூச்சியால் வரும் சொறியா என்று பார்த்த பிறகே மருந்து கொடுக்கும் பழக்கம் நம் வட்டாரத்தில் வேரூன்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் தோல் சுரண்டல் சோதனை அன்றாட வேலையாக வேண்டும். இந்த ஒன்றைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன். மற்றவையெல்லாம் இதையொட்டி வருபவை.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் அதற்குச் ‘சொறி’ என்றுதான் பெயர். சென்ற ஆண்டு புரட்டாசியில் சந்தையிலிருந்து ஒரு கறுப்புக் கிடாக்குட்டியை வாங்கி வந்தோம். அதன் இடது காதுமடலின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவில் மயிரில்லாத வட்டம் ஒன்று இருந்தது. கயிறு உராய்ந்த தழும்பு என்று நினைத்து மற்றக் குட்டிகளோடு சேர்த்து விட்டோம். தவறு எங்களுடையது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும், ஆட்களில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், வீட்டுக்காரர்களிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டு, ஆடுகளை அடைத்தோம். செட்டிநாட்டில் பலரும் இப்படித்தான் மழைக்காலத்தைக் கடத்துகிறோம். மழைக்கு ஒதுங்க அது நல்ல இடம். ஆனால் வெயில் எட்டிப் பார்க்காது, தரை உலராது, குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு படுத்திருக்கும். கார்த்திகை பாதியில் 14 குட்டிகளில் ஒன்பதுக்குக் கண்ணைச் சுற்றியும் மூக்கின் மேலும் காதுகளிலும் அந்த வட்டங்கள் வந்துவிட்டன.

பக்கத்து வீட்டுக்காரர், “டீச்சரம்மா, இது சொறிதான். ஒரு ஊசி போட்டா உதிர்ந்துரும்” என்றார். அவர் எனக்கு நன்மை நினைத்தே சொன்னார். ஒரு மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் வாங்கி, ஊரில் ஊசி போடப் பழகிய ஒருவரைக் கொண்டு ஒன்பது குட்டிகளுக்கும் போட்டோம். பத்து நாள் கழித்து மறுபடியும் போட்டோம். வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. ஐவர்மெக்டின் புழுக்களையும் சொறிப்பூச்சிகளையும் கொல்லும் மருந்து. பூஞ்சையை அது தொடுவதில்லை. இதைப் பாடம் நடத்திய எனக்கே அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு யாரோ சொன்னார்கள் என்று லாரிப் பட்டறையிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கி வந்து, வீட்டில் இருந்தவர்கள் இரண்டு குட்டிகளுக்குப் பூசினார்கள். அந்த இரண்டுக்கும் தோல் வெந்து உரிந்து, ஈ மொய்த்து, புழு வைக்காமல் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

இதற்கிடையில் என் பேத்திக்கு, அவள் ஏழு வயதுக் குழந்தை, வலது கன்னத்தில் ஒரு வட்டம் வந்தது. குட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துக் கொஞ்சுகிற குழந்தைக்குக் கன்னத்தில் வராமல் வேறு எங்கே வரும்? கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டோம். நான்கே நாளில் சிவப்பு மறைந்தது, அரிப்பு நின்றது, நாங்கள் நிம்மதியானோம். நிறுத்திய ஒரு வாரத்தில் வட்டத்தின் கரை அழிந்து காது வரை பரவியது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கிக் காட்டும். பூஞ்சைக்கோ அது தடையில்லாத வழியைத் திறந்துவிடும். காரைக்குடியில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் கன்னத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “வீட்டில் ஆடு, மாடு, பூனை ஏதாவது இருக்கிறதா?” என்பதுதான். அதுவரை எங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் நான் பணியாற்றிய பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்தைத் திறக்கச் சொன்னேன். ஒரு குட்டியின் வட்டத்தில் பிடுங்கும்போது எளிதாக வந்த நாலைந்து மயிர்களையும், வட்டத்தின் ஓரத்தில் மழுங்கிய கத்தியால் சுரண்டிய செதில்களையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்றிருந்தேன். ஸ்லைடின் மேல் அவற்றை வைத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, சாராய விளக்கின் சுடருக்கு மேலே இரண்டு முறை காட்டி, கால்மணி நேரம் காத்திருந்தேன். செதில்கள் கரைந்து தெளிந்தன. மயிர் ஒரு கருத்த தண்டுபோலக் கிடந்தது. அதன் வெளிப்புறம் முழுவதும் கோத்த மணிகளைப்போல உருண்டை உருண்டையான வித்துகள் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. எத்தனையோ ஆண்டுகள் ரொட்டிக் காளானையும் ஈஸ்ட்டையும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். என் பேத்தியின் கன்னத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

துறைக்கு நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. சொறிப்பூச்சியைத் தேடுவதற்கும் இதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளிதான் பயன்படுகிறது. சொறிக்குச் சற்று ஆழமாக, இரத்தம் கசியத் தொடங்கும் வரை சுரண்ட வேண்டும். படைக்கு வட்டத்தின் விளிம்பில் உள்ள செதிலும் மயிரும் போதும். ஒரே கரைசல், ஒரே நுண்ணோக்கி, அரைமணிக்கும் குறைவான நேரம். பூச்சி தெரிந்தால் ஊசி. வித்து தெரிந்தால் பூஞ்சைக்கான மருந்து. இரண்டும் தெரியாவிட்டால் வேறு எதையோ தேட வேண்டும் என்ற எச்சரிக்கை. ஒரு நோய்க்கு நுண்ணுயிர் காரணமாக இருக்க முடியும் என்பதற்குக் கிடைத்த மிக முந்தைய சான்றுகளுள் ஒன்று, மனிதத் தலையில் வரும் பூஞ்சைப் படையில் 1841இல் டேவிட் குரூபி நுண்ணோக்கி வழியாகக் கண்டது. அடைப்பான் நோயின் கிருமியைப் பற்றி ராபர்ட் கோக் எழுதிய 1876ஆம் ஆண்டுக்கு அது 35 ஆண்டுகள் முந்தியது. அன்றைக்கு ஒரு நுண்ணோக்கியில் தெரிந்தது இன்று நம் ஊர் ஆட்டின் காதிலும் தெரியும்.

‘எப்படியும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக ஆறிவிடும் நோய்தானே’ என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். பெரும்பாலான ஆடுகளில் ஒன்று முதல் நான்கு மாதங்களுக்குள் மயிர் மறுபடி முளைத்துவிடும். கடைசியாக எதைப் பூசினோமோ அதற்கே பெயர் கிடைக்கும். இதனால்தான் கழிவு எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் நம் ஊர்களில் இவ்வளவு நம்பிக்கை. ஆனால் அந்த மாதங்களுக்குள் உதிர்கிற ஒவ்வொரு பொருக்கும் வித்துகளைச் சுமந்துகொண்டு கொட்டிலின் மரக்கால்களிலும் கயிற்றிலும் தீவனத் தொட்டியின் விளிம்பிலும் தங்கிவிடுகிறது. உலர்ந்த பொருக்கில் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியவை. அடுத்த மழைக்குப் பிறக்கும் குட்டிக்கு, இந்த ஆண்டு ஆறிப்போன ஆடு நோயைக் கொடுக்க வேண்டியதில்லை. கட்டின கயிறே கொடுத்துவிடும்.

பணக் கணக்கும் இருக்கிறது. நம் பக்கத்தில் கிடா வளர்ப்பவர்களில் பலர் வளர்ப்பதே கோயிலுக்கு நேர்ந்துவிட. ஊனமும் மறுவும் உள்ள கிடாவைக் கருப்பருக்கும் முனியய்யாவுக்கும் யாரும் வாங்க மாட்டார்கள். திருப்புவனத்துச் செவ்வாய்ச் சந்தையிலும் வியாபாரியின் கை முதலில் காதையும் தாடையையும்தான் தடவும். அதனால் வட்டத்தின் மேல் அடுப்புக்கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசி மறைத்து விற்கிறார்கள். அப்படி மறைத்து விற்கப்பட்ட ஒன்றைத்தான் நாங்களும் வாங்கினோமோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன். தோலில் விழுந்த வடு பதனிடும்போதும் தெரியும் என்பதால் தோல் விலையும் குறையும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது தேவையில்லாத ஊசி. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் கணக்கில் வந்தன. இவற்றில் படை வந்த ஒவ்வொன்றுக்கும் சொறி என்று எண்ணி ஐவர்மெக்டின் போட்டால், அந்த ஆட்டின் வயிற்றில் இருக்கும் குடற்புழுக்களில் மருந்தைத் தாங்கியவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு இந்த மருந்துக்கு அடங்காமல் போன கதை உலகின் பல நாடுகளில் நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் குட்டிகளின் கண்ணிமை வெளுத்து, தாடை வீங்கிச் சாகும்போது கையில் இருக்க வேண்டிய மருந்தை, அது வேலையே செய்யாத ஒரு நோய்க்குச் செலவழிக்கிறோம். ஊசி போட்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் குறிப்பிட்ட நாள்வரை பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை, கடையில் வாங்கி வீட்டில் போடுகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

படை அல்லாதவையும் படைபோலத் தோன்றும் என்பதை நான் மறக்கவில்லை. உதட்டிலும் பல் ஈறுகளிலும் முடிச்சு முடிச்சாகப் பொருக்கு வந்தால் அது வாய்ப்புண் அம்மை. வைரஸால் வருவது, அதுவும் மனிதர் கைக்குத் தொற்றும். தொடர்மழையில் முதுகில் மயிர்க்கற்றைகள் பெயிண்ட் தூரிகைபோல ஒட்டிக்கொண்டு பொருக்கோடு கழன்றால், அது டெர்மட்டோபிலஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். சாயமேற்றிப் பார்த்தால் ரயில் தண்டவாளம்போல இணை வரிசைகளாகத் தெரியும். அதற்குப் பூஞ்சை மருந்து பயன்படாது, நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும். கடுமையான அரிப்பு இருந்தால் சொறியையும், சுவரில் உராயாமல் ஆடு அமைதியாக இருந்தால் படையையும் முதலில் சந்தேகிக்கலாம் என்பது கைக்கு வந்த அடையாளம். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. புறஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும் என்று சிலர் சொல்வது நாய், பூனையில் வரும் ஒரு வகைக்கே பொருந்தும். ஆட்டிலும் மாட்டிலும் வழக்கமாகக் காணப்படும் டிரைக்கோபைட்டான் என்ற பூஞ்சை வகைகள் அப்படி ஒளிர்வதில்லை. ஆகவே சுற்றிச் சுற்றி வந்தாலும் நுண்ணோக்கியிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சையின் வகையை அறிய வளர்ப்புச் சோதனை தேவைப்பட்டால், மாதிரியை மாவட்டத்தின் நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களுக்கோ அனுப்பும் வழி எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் ஈரத்தில் வேறு பூஞ்சைகள் வளர்ந்துவிடும். உலர்ந்த காகித உறையே சரி. வளர்ப்பின் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை காத்திராமல் முதல் ஸ்லைடைக் கொண்டே மருத்துவம் தொடங்க வேண்டியிருக்கும்.

எனக்குப் பயன்பட்ட மருத்துவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறகு கலந்தாலோசித்த கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்தோம். நோய்க்குட்டிகளைத் தனியாகப் பிரித்து, வெயில் விழும் இடத்தில் பனையோலை மறைப்புக்குள் விட்டோம். கையுறை போட்டுக்கொண்டு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்துப் பெயர்த்து, கீழே விழாமல் தாளில் சேர்த்து எரித்தோம். வட்டத்திலும் அதைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்திலும் போவிடோன் அயோடினும், பிறகு பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பும் மாற்றி மாற்றித் தடவினோம். என் அம்மா காலத்தில் வண்டுகடி இலை என்னும் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவார்கள். ஒரு குட்டிக்கு அதையும் செய்து பார்த்தேன், ஆறியது, ஆனால் தானாக ஆறியதா இலையால் ஆறியதா என்று ஒரு குட்டியை வைத்துச் சொல்ல முடியாது. பின்கட்டின் தரையைச் சுரண்டிக் கழுவி, பிளீச்சிங் கரைசல் தெளித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய கயிறுகள் அத்தனையையும் தீயில் போட்டோம். கயிற்றை எரிப்பது எல்லாருக்கும் மனம் வராத செயல். ஆனால் மருந்தைவிட அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். தினமும் துணி சோப்பால் ஆட்டைக் குளிப்பாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தோலுக்குக் காவலான எண்ணெய்ப்பசை அதில் போய்விடும் என்பதால் அது உதவாது.

கிடைக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும் இங்கிருந்தும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் கீதாரிகள் தங்கள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கத்து வயல்களில் கிடை போடப் புறப்படுவார்கள். வழியில் ஈன்ற குட்டியைத் தோளில், பிடரியைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடப்பது அவர்கள் வழக்கம். எங்கள் கண்மாய்க் கரையில் தங்கிய ஒரு கீதாரியின் பிடரியில், குட்டியின் வயிறு படும் இடத்தில் சரியாக மூன்று வட்டங்கள் இருந்ததை நான் பார்த்தேன். “வெயில் படை, டீச்சர்” என்றார் அவர். குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கூடாப்புக்குள் கைவிட்டுக் காட்டச் சொன்னேன். இரண்டு குட்டிகளுக்குக் கண்ணோரத்தில் அதே வட்டம். நோய் அவரிடமிருந்து குட்டிக்கா, குட்டியிடமிருந்து அவருக்கா என்பது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்யாவிட்டால் யாருக்குமே தீராது. ஊரில் தங்காத அவர்களுக்கு ஊர் முகாம் எட்டாது. புறப்படுமுன் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

துறை புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வீடு வீடாக வருகிறீர்கள். கால்நடைச் சுகாதார முகாம்கள் நடத்துகிறீர்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வருகிறது. தடுப்பூசிக்காகப் பிடித்து நிறுத்திய ஆட்டின் காதையும் முகத்தையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. வட்டம் உள்ளவற்றிலிருந்து சுரண்டி எடுத்து, அன்று மாலையே மருந்தகத்தில் பார்த்து, பதிவேட்டில் ‘தோல் நோய்’ என்று பொதுவாக எழுதாமல் படை என்றும் சொறி என்றும் பிரித்து எழுதினால், ஓராண்டில் எந்த ஊரில் எது அதிகம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். படை உறுதியான வீட்டின் முகவரி அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகட்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அந்த வீட்டுக் குழந்தைகளின் தலையையும் கையையும் பார்க்கட்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தைப் போன்றவற்றில் சந்தையில் வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கும் ஆடுகளை, நான்கு வாரம் தனியே வைத்துப் பிறகே மற்ற ஆடுகளோடு சேர்க்க வேண்டும் என்பதைப் பயனாளிக்குக் கொடுக்கும் தாளிலேயே அச்சிடலாம். மருந்துக்கடைக்காரர்களிடமும், ஆட்டுக்கு ஐவர்மெக்டினும் வீட்டுக்கு ஸ்டீராய்டு களிம்பும் ஒரே ஆள் கேட்டு வந்தால் அவரைக் கால்நடை மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் அனுப்புமாறு நீங்கள் சொன்னால், என் பேத்தி பட்ட பாடு இன்னொரு குழந்தைக்கு வராது.

நுண்ணோக்கி இல்லாத மருந்தகங்களுக்கு அது கிடைக்கும் வரை, பக்கத்து அரசுப் பள்ளியின் ஆய்வகத்தை வாரத்தில் ஒரு மாலை பயன்படுத்திக்கொள்ள இரு துறைகளும் பேசி ஒரு ஏற்பாடு செய்யலாம் என்பது ஆசிரியையாக என் யோசனை. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பாடத்தில் படிக்கிற பூஞ்சையைத் தங்கள் வீட்டு ஆட்டின் மயிரிலேயே பார்ப்பார்கள். அதற்கு வேண்டிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் செய்து தரவும், கால்நடை உதவி மருத்துவர் அருகில் இருக்க ஸ்லைடு போடப் பழக்கித் தரவும் நான் வருகிறேன். அதற்காக எதையும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அடுத்த தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில், என் குட்டிகளோடும் ஒரு நுண்ணோக்கியோடும் ஊராட்சி மன்றத் திண்ணையில் இருப்பேன். வரும் மருத்துவர் எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லல் வட்டாரத்தில் வெள்ளாடு வளர்க்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை